காசு கொடு, இல்லைனா டேட்டா கொடு: ஆன்லைனுக்கு மாறிய பிரிட்டன் டேப்லாய்டுகளைத் தட்டிக்கேட்பது யார்?

'தி சன்', 'டெய்லி மெயில்', 'டெய்லி மிரர்' போன்ற நாளிதழ்களின் இணையதளங்களைப் பிரிட்டனில் திறந்தால், செய்திக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. விளம்பரத்துக்காக உங்களைப் பின்தொடரும் குக்கீகளை ஏற்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும். அவ்வளவுதான் சாய்ஸ். பரபரப்புச் செய்திக்குப் பேர்போன டேப்லாய்டுகள் இந்த இடத்துக்கு வந்தது எப்படி?

காகிதத்தில் விழுந்த அடி

2010 வாக்கில் 'தி சன்' நாளொன்றுக்குச் சுமார் 30 லட்சம் பிரதிகள் விற்றது. 2020 தொடக்கத்தில் அது சுமார் 12 லட்சமாகச் சரிந்தது. அதன்பிறகு விற்பனைக் கணக்கை வெளியிடுவதையே அந்த இதழ் நிறுத்திக்கொண்டது.

இணையத்தில் ஆளுக்கொரு வழி பிடித்தார்கள். 2013 ஆகஸ்டில் 'தி சன்' தளத்துக்குச் சந்தா வைத்தது. கூட்டம் குறைந்ததால் 2015 நவம்பரில் மீண்டும் இலவசமாக்கியது. 'டெய்லி மெயில்' தளமோ பிரபலங்களின் படங்களையும் கிசுகிசுவையும் இலவசமாகக் கொட்டி, உலகம் முழுக்க வாசகர்களைப் பிடித்தது. அதுவும்கூட 2024 ஜனவரியில் சில கட்டுரைகளுக்குக் கட்டணம் வைத்தது.

காரணம் என்ன? கிளிக்கை மட்டும் நம்பினால், கடிவாளம் கூகுள், ஃபேஸ்புக் கையில் போய்விடுகிறது. ஃபேஸ்புக் செய்திகளுக்குக் கொடுத்த முக்கியத்துவத்தைக் குறைத்ததும், 'மிரர்', 'எக்ஸ்பிரஸ்' இதழ்களை நடத்தும் ரீச் நிறுவனத்தின் தளங்களுக்கு வருகை சரிந்தது. 2023 நவம்பரில் 450 வேலைகளைக் குறைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

2011-இல் என்ன நடந்தது?

கொலை செய்யப்பட்ட 13 வயதுச் சிறுமியின் செல்போன் வாய்ஸ்மெயிலை 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' இதழ் ஒட்டுக்கேட்ட விவகாரம் 2011 ஜூலையில் வெடித்தது. சில நாள்களிலேயே, 168 ஆண்டு பழமையான அந்த இதழ் மூடப்பட்டது. நீதிபதி லெவ்சன் விசாரணை நடத்தி 2012 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். சுமார் 2,000 பக்க அறிக்கை. ஆனால் இணையத்தைப் பற்றி அதில் இருந்தது மிகக் கொஞ்சம்.

இப்போது யார் கண்காணிக்கிறார்கள்?

பெரிய டேப்லாய்டுகள் 2014-இல் உருவான 'இப்சோ' அமைப்பில் உறுப்பினர்களாக இருக்கின்றன. இதற்குப் பணம் கொடுப்பதும் பத்திரிகை நிறுவனங்கள்தான். விதிப்படி 10 லட்சம் பவுண்டு வரை அபராதம் போடலாம். ஆனால் சாதாரணப் புகார் விசாரணையில் இழப்பீடு கிடையாது. திருத்தம் அல்லது தீர்ப்பை வெளியிட வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும்.

அரசு அங்கீகாரம் பெற்ற கண்காணிப்பு அமைப்பில் சேராத இதழ்கள், வழக்கில் ஜெயித்தாலும் எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட நேரிடும் என்று 2013 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 'இப்சோ' அந்த அங்கீகாரத்தைக் கேட்கவே இல்லை. பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்ததால் அந்தப் பிரிவு ஒருநாளும் அமலுக்கு வரவில்லை; 2024-இல் நீக்கப்பட்டுவிட்டது. சமூக ஊடகங்களுக்குக் கடிவாளம் போடும் 2023 இணையப் பாதுகாப்புச் சட்டத்திலும் செய்தி நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அரசு கையில் பேனாவைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். அது நியாயமான பயம்தான்.

ஓட்டை எங்கே?

காகிதத்தில் வந்த தவறு மறுநாள் பழைய பேப்பர். இணையத்தில் வந்த தவறு சில நிமிடங்களில் நூறு தளங்களுக்குப் பரவி, வருடக்கணக்கில் தேடலில் நிற்கும். திருத்தமோ பல வாரம் கழித்து, ஒரே ஒரு தளத்தில் வரும். முதல் கிளிக்கில் வந்த விளம்பர வருமானம் அதற்குள் கைக்குப் போயிருக்கும்.

நீதிமன்றப் படி ஏற பணமும் பொறுமையும் வேண்டும். இளவரசர் ஹாரிக்கு 'மிரர்' குழுமம் 1,40,600 பவுண்டு தர வேண்டும் என 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 'தி சன்' வெளியீட்டு நிறுவனம் 2025 ஜனவரியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. இளவரசருக்கே இத்தனை ஆண்டுகள் ஆனது என்றால், சாதாரண ஆளின் நிலை?

'குக்கீ அல்லது காசு' முறைக்குத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜனவரியில் வழிகாட்டுதல் கொடுத்தது. வாசகரின் சம்மதம் உண்மையிலேயே சுதந்திரமாக இருந்தால், இந்த முறைக்குத் தடை இல்லை என்பது அதன் நிலைப்பாடு.

ஆக, பிரதியை விற்ற தொழில் இப்போது வாசகரின் கவனத்தையும் தகவலையும் விற்கிறது. தகவலைக் கேள்வி கேட்க ஓர் ஆணையமாவது இருக்கிறது. செய்தியால் பாதிக்கப்பட்டவருக்கு இருப்பதோ, பத்திரிகைகளே பணம் போட்டு நடத்தும் அமைப்பு அல்லது செலவு பிடிக்கும் நீதிமன்றம்.