விசாரிப்பது யார்?

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 23, காலை நேரம். எங்கள் ராமாபுரத்து வீட்டு வாசலில் என் தந்தையார் தமிழ்ப் பத்திரிகையை இரண்டாம் முறையாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் கோமதி மாரிமுத்து தங்கம் வென்ற செய்தி அது. திருச்சிக்கு அருகே முடிகண்டம் என்னும் சிற்றூரின் மகள், ஆசியக் கண்டத்தையே பின்னால் விட்டு 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடி முடித்திருந்தார்.

மணப்பாறைப் பக்கத்திலிருந்து உளியும் இழைப்புளியுமாக மைசூருக்குப் பிழைக்க வந்தவர் என் தந்தையார். எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவரைக் கூவி அழைத்து, "நம்மூர ஹுடுகி!" என்று பத்திரிகையைக் காட்டினார். பெரியவரும் இலேசில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். அந்தப் பெண் வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பது பெங்களூரில்தானே, அப்படியானால் அவள் எங்களூர்ப் பெண்ணுந்தான் என்று வாதாடினார். வந்தேறிய குடும்பத்துக்கு இவ்வளவு இனிய வழக்கு எத்தனை நாள் வாய்க்கும்? அன்று முழுவதும் எங்கள் தெருவில் அதே பேச்சு.

மே மாதம் மற்றொரு செய்தி வந்தது. கோமதியின் சிறுநீர் மாதிரியில் நாண்ட்ரோலோன் என்னும் ஊக்க மருந்தின் தடயம் இருந்தது என்றார்கள். பெரியவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் எடுக்காமல் இருந்ததுதான் என் தந்தையாருக்கு அதிகமாக உறுத்திற்று.

தோழர்களே! குற்றமற்றவர் என்று கோமதிக்காக வாதாட நான் பேனா எடுக்கவில்லை. மார்ச் 18 முதல் மே 17 வரை நான்கு முறை எடுத்த மாதிரிகளிலும் அதே பொருள் காணப்பட்டது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் சொன்னார், விசாரித்தவர்கள் ஏற்கவில்லை. 2020-இல் நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள். தங்கம் சீனத்து வாங் சுன்யூவுக்குப் போயிற்று. வேதியியல் படிக்கும் நான் கருவியோடு சண்டையிடப் போவதில்லை. என் கேள்வி நாட்காட்டியைப் பற்றியது.

முதல் மாதிரி எடுத்தது பட்டியாலாவில், மார்ச் 18 அன்று. தோஹாவில் அவர் ஓடியது ஏப்ரல் 22 அன்று. இடையே 35 நாட்கள்! பட்டியாலாவிலிருந்து டெல்லி ஆய்வுக்கூடத்துக்கு ஓர் இரவுப் பயணம் போதும். முடிவு முன்பே வெளிவந்திருந்தால் அவர் விமானம் ஏறியிருக்கமாட்டார். ஒரு தங்கத்தைக் கொடுத்து, மாலை போட்டு, கட்சிகள் போட்டி போட்டுப் பரிசு அறிவித்த பிறகு பறிக்கின்ற அவலமும் நேர்ந்திராது. ஓடியவரைத் தண்டிக்க விதி இருந்தது. தாமதித்தவர்களைத் தண்டிக்க எந்த விதி இருந்தது? அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி தேசிய ஆய்வுக்கூடத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் நிறுத்திவைத்தது. 2021 டிசம்பரில்தான் திரும்பக் கொடுத்தது.

இனி, அதே ஆண்டின் மற்றொரு வழக்கைக் கேளுங்கள்.

பிப்ரவரி 22 அன்று இந்தூரில் சையத் முஷ்தாக் அலி கோப்பை ஆட்டத்தின்போது பிரித்வி ஷா என்னும் இளைஞரிடம் மாதிரி எடுத்தார்கள். வயது 19, அதற்குள் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர். மாதிரியில் டெர்புட்டலின் இருந்தது. அது சில இருமல் மருந்துகளில் கலந்திருக்கும் பொருள். கவனக்குறைவாக இருமல் மருந்து குடித்துவிட்டேன் என்றார் அவர். கிரிக்கெட் வாரியம் அதை நம்பிற்று. நம்பியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குற்றம் சாட்டியது ஜூலை 16 அன்று. எட்டு மாதத் தடை என்று அறிவித்தது ஜூலை 30 அன்று. அந்தத் தடை எந்த நாளிலிருந்து தொடங்கியது தெரியுமா? முன் தேதியிட்டு, மார்ச் 16-லிருந்து!

மார்ச் 23-க்கும் மே 12-க்கும் இடையே ஐ.பி.எல். நடந்தது. பிரித்வி ஷா டெல்லி அணிக்காக ஆடினார். அதாவது, தடைக் காலத்தின் தொடக்க வாரங்களில் அவர் ஆயிரக்கணக்கானோர் கண்முன்னே மட்டை பிடித்துக்கொண்டிருந்தார்! அறிவிப்பு வந்த பிறகு எஞ்சிய தண்டனை மூன்றரை மாதம். இதற்கு முந்தைய ஆண்டு யூசுப் பதானுக்கும் இதே கதைதான். அதே டெர்புட்டலின், ஐந்து மாதத் தடை, 2018 ஜனவரியில் அறிவித்தபோது அதில் பெரும்பகுதி முன்பே கழிந்திருந்தது.

மருந்து வேறு, விதி வேறு. தசை வளர்க்கும் ஹார்மோனுக்கும் இருமல் மருந்துக்கும் ஒரே தண்டனை கேட்பது அறியாமை. எட்டு மாதம் ஏன் நான்கு ஆண்டாகவில்லை என்று நான் கேட்கவில்லை. விசாரித்தவர் யார் என்றுதான் கேட்கிறேன். கோமதியை விசாரித்தது உலகத் தடகளத்தின் நேர்மைப் பிரிவு. அவருக்கு அது அயலார் மன்றம். பிரித்வி ஷாவை விசாரித்தது அவரை ஆடவைத்துப் பொருள் ஈட்டும் அதே வாரியம். மாதிரி எடுக்க ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்றை அமர்த்தியிருந்தார்கள். ஆயினும் குற்றம் சாட்டுவதும் தீர்ப்பளிப்பதும் தங்கள் வீட்டுக்குள்ளேயே. கடைக்காரரே தராசையும் முத்திரையிட்டுக்கொண்டால் வாங்க வந்தவன் என் செய்வான்?

கிரிக்கெட்டார் பக்கத்திலும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. தாங்கள் இருக்குமிடத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற விதியை 2009-இல் எதிர்த்தார்கள். பாதுகாப்பும் தனி வாழ்வும் போகுமே என்றார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாள்தோறும் ஒரு மணி நேரம் இன்ன இடத்தில் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாழ்வது எளிதன்று. ஆனால் விடுதி அறையில் நால்வரோடு தங்கி ஓடிப் பயிலும் கிராமத்துப் பெண் அதைச் செய்கிறாள். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் அவளுக்குத் தடை. அவளுக்கில்லாத தனி வாழ்வு மற்றவருக்கு மட்டும் எப்படி வந்தது? 2019 ஆகஸ்ட் 9 அன்று வாரியம் ஒருவழியாகத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சோதனைக்கு இசைந்தது. பிரித்வி ஷா தீர்ப்பு வந்து பத்து நாள் கழித்து!

நிற்க. இது நம் நாட்டுக்கு மட்டுமே வந்த நோயன்று. அமெரிக்கரின் பேஸ்பாலைப் பாருங்கள். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவினன். 1994-இல் வேலைநிறுத்தத்தால் ஆட்டம் முடங்கிற்று, கூட்டம் வெறுத்துப்போயிற்று. 1998-இல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66 என்று எல்லைக்கப்பால் பந்தை அடித்துத் தள்ளவே கூட்டம் திரும்பி வந்தது. அந்தக் கோடையிலேயே மெக்வயரின் அலமாரியில் ஒரு மருந்துப் புட்டியைப் பத்திரிகையாளர் கண்டார். அது அன்று அவர்கள் ஆட்டத்தில் தடை செய்யப்படாத பொருள். முதலாளிகள் கண்ணை மூடிக்கொண்டு கல்லாவைத் திறந்து வைத்தார்கள். மெக்வயர் தாமே ஊக்க மருந்தை ஒப்புக்கொள்ள 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறகு விழிப்பு வந்ததும் அவர்கள் எதிர்த் திசையில் பாய்ந்தார்கள். 2003-இல் பெயர் வெளியிடமாட்டோம் என்று உறுதி கூறி எல்லாரையும் சோதித்தார்கள். மறு ஆண்டு அந்தப் பட்டியல் அரசு விசாரணையாளர் கையில் சிக்கிற்று. பின்னர் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பத்திரிகைக்குக் கசிந்தன. 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் தம் அறிக்கையில் 89 ஆட்டக்காரரைப் பெயர் சொல்லிச் சுட்டினார். அவரோ பாஸ்டன் அணியில் இயக்குநர் பொறுப்பு வகித்தவர். மிட்செல் நேர்மையானவராகவே இருக்கட்டும். பாஸ்டனைத் தொடாமல் விட்டாரோ என்ற ஐயத்தை அவர் நேர்மை துடைக்க முடியுமா? 2013-இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு மருத்துவ நிலையத்திலிருந்து வெளியேறிய ஆவணங்களைப் பணம் கொடுத்தே வாங்கியது லீக். அலெக்ஸ் ராட்ரிகஸுக்கு 211 ஆட்டத் தடை விதித்தார்கள்; நடுவர் அதை 162 ஆக்கினார். அவர் மருந்து எடுத்தது உண்மைதான். ஆனால் ஆதாரத்தை விலைக்கு வாங்குகின்ற நீதிபதியை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

இலாபம் வரும்போது பாராமுகம். மானம் போகும்போது வேட்டை. இரண்டுமே ஒரே கையின் வேலை என்பதுதான் எனக்குப்பட்ட உண்மை.

நான் பயிலும் துறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சோதனைக்கு வரும் சிறுநீரை இரண்டு புட்டிகளில் பிரித்து முத்திரையிடுவார்கள். முதற்புட்டியில் குற்றம் தெரிந்தால், விளையாடியவர் விரும்பினால் இரண்டாவதையும் திறப்பார்கள். ஒரு மில்லிலிட்டரில் நானோகிராம் கணக்கில் உள்ள பொருளைக் கருவி கண்டுபிடித்துவிடும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு அது! உடல் தானே சுரந்த ஹார்மோனா, புறத்திலிருந்து வந்ததா என்ற ஐயம் எழுந்தால் கரி அணுக்களின் எடை வேற்றுமையை அளந்து பார்க்கலாம். ஆலையில் ஹார்மோன் செய்வதற்குப் பெரும்பாலும் சோயா போன்ற செடிகளின் பொருளே மூலம். அந்தச் செடிகளின் கரியில் கனத்த அணு சற்றுக் குறைவு. மனித உடலின் சொந்தச் சுரப்பு அப்படி இராது. எவ்வளவு நுட்பம் பாருங்கள்! ஆனால் இவ்வளவு நுட்பமான கருவிக்கும் ஒன்று தெரியாது. மருந்தைக் கொடுத்த கை எது என்பதே அது.

அந்தக் கையைத் தேடாமல் விட்டதற்கு நாம் வாழும் இந்தக் கன்னட நாட்டிலேயே சான்று உண்டு. உடுப்பி மாவட்டத்துச் சித்தாபுரத்து அசுவினி அக்குஞ்சியை நினைவிருக்கிறதா? 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தொடர் ஓட்டத்தில் தங்கம். அதே ஆண்டு குவாங்சோ ஆசியப் போட்டியில் தடை தாண்டும் ஓட்டத்திலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம். 2011-இல் அவரும் தோழியர் பலரும் சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் சீனத்திலிருந்து வாங்கி வந்த ஜின்செங் சத்துப் பொருளை அவர் சொற்படி உண்டோம், அதில் கலப்படம் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். உக்ரேனியப் பயிற்சியாளர் யூரி ஒகரோட்னிக் வேலை நீக்கம் பெற்று ஊர் போனார். பெண்களுக்கு நம் நாட்டுக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. 2012-இல் பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக்கிற்று. இலண்டன் ஒலிம்பிக் போயே போயிற்று. நாட்டு முகாமில், நாடு அமர்த்திய ஆசானிடம், நாட்டுக்காகப் பயின்றவர்கள் அவர்கள். உடலுக்குள் போனதற்கு உடலுக்குரியவரே பொறுப்பு என்கிறது விதி. அந்த விதி இல்லாவிட்டால் எல்லாரும் தெரியாது என்றே சொல்லித் தப்புவர்; அதனால் விதியை நான் குறை கூறவில்லை. அந்த விதியோடு விசாரணை முடிந்துவிடுவதுதான் கொடுமை.

அதன் விளைவைக் கேளுங்கள். 2022-இல் காமன்வெல்த் போட்டிக்குப் புறப்படவிருந்த நேரத்தில் மீண்டும் ஒரு திருச்சிப் பெண், தனலட்சுமி, சோதனையில் சிக்கினார். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனையாளர் வந்தனர் என்று கேட்டதும் பலர் ஓடி மறைந்தனர். ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓட வந்தவர் ஒரே ஒருவர்! அரங்கின் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. 2024-இல் இந்தியாவில் எடுத்த 7,113 மாதிரிகளில் 260 குற்றமுடையவை என்று உலக நிறுவனத்தின் கணக்கு கூறுகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தாமாகவா மருந்தின் பெயரும் அளவும் கற்றார்கள்? விற்றவர், சொல்லிக் கொடுத்தவர், ஊசி ஏற்றியவர், மாவட்டச் சங்கத்தில் வெற்றிச் சான்றிதழைக் கண்டு மகிழ்ந்து வாய்மூடி இருந்தவர், இவர்களில் எத்தனை பேர் அந்த 260-இல் இருக்கிறார்கள்? ஒருவரும் இருக்க முடியாது. அவர்களிடம் யாரும் மாதிரி எடுப்பதில்லை.

ஆகவே ஆட்டத்தில் பங்குள்ள எவரும் தீர்ப்பு நாற்காலியில் அமரக்கூடாது என்கிறேன். வாரியமாயினும் சம்மேளனமாயினும் அரசாங்கமாயினும் சரி. பதக்கத்தால் பெருமை கொள்ளும் அரசும் பங்காளிதானே? பெரிய போட்டிக்கு அனுப்புமுன் முடிவைக் கையில் வாங்காத அதிகாரி பதில் சொல்லட்டும். ஒவ்வொரு வழக்கிலும் ஓடியவரின் பெயருக்கு அருகே பயிற்சியாளரின் பெயரும் விசாரணைக்கு வரட்டும். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு என்பதை நான் அறிவேன். பயிற்சியாளரைக் காட்டிக்கொடுத்தால் தண்டனை குறையும் என்றால் பொய்யும் சொல்வார்கள். பேஸ்பால்காரர்கள் ஆவணம் வாங்கியது போல வாக்குமூலமும் விலைக்கு வரும். அதனாலேயே கேட்பவர் வெளியார் ஆக இருக்கவேண்டும்.

சென்ற மாதம் ஒரு மாலை. எங்கள் ராமாபுரத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பையன் ஒருவன், கல்லூரிகளுக்கிடையேயான ஓட்டப் பந்தயத்துக்குப் பயின்றுகொண்டிருப்பவன், ஒரு டப்பாவோடு என் அறைக்கு வந்தான். தசைக்கு வலு தரும் பொடியாம். முன்னூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்களாம். "அண்ணா, நீங்கள் வேதியியல் படிக்கிறவர். இதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாதி எழுத்து அழிந்திருந்தது. மீதியில் செய்தவன் முகவரியே இல்லை. வாசனை பார்த்தேன். வனிலா மணத்தது.

"தெரியவில்லை, தம்பி. யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"கோச் சார்தான்" என்றான்.