செய்தவனைக் கேளுங்கள்

'எந்திரன்' (2010) படம் பற்றிக் கதை வந்தாலே நண்பர்கள் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: "மனிசன் கடவுளின்ர வேலையில கை வைச்சால் இப்பிடித்தான்." இது பிழையான தீர்ப்பு மட்டுமல்ல, குற்றவாளியைத் தப்பவிடுகிற தீர்ப்பு.

படத்தை நிதானமாக நினைத்துப் பாருங்கள். விஞ்ஞானி வசீகரன் இராணுவத்துக்கென்று சிட்டியைச் செய்கிறார். உணர்ச்சியையும் அவரே ஊட்டுகிறார். அந்த உணர்ச்சி தன் காதலியின் பக்கம் திரும்பி, இராணுவத்தினர் முன்னிலையில் தன்னை அவமானப்படுத்தியதும் கோடரியால் வெட்டிப் போடுகிறார். சிட்டி குப்பைமேட்டுக்குப் போகிறது. அங்கிருந்து எடுத்தவன் அதைக் கொலைக்கருவியாக்குகிறான். கடைசியில் நீதிமன்றத்தில் விஞ்ஞானியைக் காப்பாற்றுவதும் சிட்டிதான். அவருக்கு விடுதலை, சிட்டியைப் பிரித்துப்போடக் கட்டளை. அது தன் கையாலேயே தன்னைக் கழற்றுகிறது. நாங்கள் கண்கலங்கினோம். "ஏன் இதற்கு மட்டும் தண்டனை?" என்று கேட்கவில்லை.

இந்தக் கேள்வி நாங்கள் வாழும் இதே நாட்டில் 200 வருடங்களுக்கு முன்னரே எழுந்தது. 1816 கோடையில், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள கொலொனியில், 18 வயதான மேரி ஷெல்லி 'பிராங்கன்ஸ்ரைன்' நாவலைத் தொடங்கினார். 1818இல் அது இலண்டனில் வெளிவந்தது. அதையும் 'விஞ்ஞானத்தின் ஆணவம்' என்று சுருக்கிவிடுகிறார்கள். விக்டர் பிராங்கன்ஸ்ரைனின் குற்றம் செய்தது அல்ல. உயிர் வந்த அந்த இரவே விட்டுவிட்டு ஓடியது. ஒரு பெயர்கூட அவன் வைக்கவில்லை. அது செய்த கொலைக்காக வீட்டு வேலைக்காரப் பெண் ஜஸ்ரின் தூக்குக்குப் போனபோது, உண்மை தெரிந்தும் வாய்மூடி இருந்தவன் அவன்.

அந்தப் பெயரில்லாத உயிர் பேசப் படித்தது எப்படி? ஜேர்மனியில் ஒரு குடிசையின் சுவர் இடுக்கால், பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட குடும்பமொன்று கதைப்பதை ஒளிந்திருந்து கேட்டு. கூரில் ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவியபடி, மற்றவர்கள் கதைப்பதைக் கேட்டு டொச் படித்தவன் நான். அந்தப் பக்கங்களுக்கு எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பேச்சு வந்ததும் அது முகத்தைக் காட்டியது, அடி விழுந்தது.

ஆனால் 'நாங்கள்தான் அந்த உயிர்' என்று அழுதுவிட்டுப் போவது சுகமான வேலை. அது ஒரு சின்னப் பையனைக் கொன்றது. அந்தப் பழி அதற்கு உண்டு. நான் சொல்வது, அந்தப் பழியில் செய்தவனுக்கும் பங்கு உண்டு என்பதே.

"அது வெறும் இயந்திரம்தானே?" என்பார்கள். அப்படியானால் இயந்திரத்தைத் தண்டிப்பானேன்? தண்டனை என்று வந்தால் மனிதன், உரிமை என்று வந்தால் இயந்திரம். இந்தக் கணக்கு அகதிக்குத் தெரியாததா? 'ரோபோ' என்ற சொல் 1920இல் செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் பிறந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய ஊழியம் என்று பொருள். செய்யப்பட்டதன் கடமையைச் சொல்ல ஒரு சொல் இருக்கிறது. செய்தவனின் கடமைக்கு இன்னும் சொல்லில்லை.

இன்று பேசும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு உணர்ச்சி உண்டோ இல்லையோ, நாளை அவற்றைச் செய்யப்போகிறவர்களில் இங்கே கணினி படிக்கும் எங்கள் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களிடம் "செய்யாதே" என்று சொல்லவேண்டாம். செய்தால் பெயர் வை, கற்றுக்கொடு, விட்டுவிட்டு ஓடாதே, அது பிழைவிட்டால் நீயும் கூண்டில் ஏறு என்று சொல்வோம்.