ஆர்.என்.ஏ. எண்ணிக்கையும் லிகேஸின் பட்சபாதமும்

உயிரணுவிலுள்ள சிறு ஆர்.என்.ஏ.க்கள் இன்னின்னவை, இத்துணை இத்துணை என்று வரிசை அறியும் இயந்திரம் பட்டியலிட்டுத் தந்துவிட்டால், அதனை மறுத்துப் பேசத் துணிவார் சிலரே. இயந்திரத்தின்மேல் எமக்கும் ஐயமில்லை. மாதிரி அதனுட் புகுமுன்னரே நிகழும் ஒரு காரியத்தைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறக்குறைய 22 எழுத்து நீளமே உடைய இழை. அதன் இரு முனைகளிலும், முன்னரே வரிசை அறிந்த அடாப்டர் என்னும் சிற்றிழைகளைப் பிணைத்த பின்னரே, பெரும்பாலான முறைகளில் அதனை டி.என்.ஏ.யாகப் படியெடுத்துப் பெருக்குவர். பிணைக்கும் என்ஸைமே லிகேஸ். பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸினால் உண்டாகும் ஆர்.என்.ஏ. லிகேஸை 1972-இல் சில்பர், மாலதி, ஹர்விட்ஸ் என்னும் மூவர் விவரித்தனர். ஓரிழையின் 5' முனைப் பாஸ்பேட்டை மற்றோரிழையின் 3' முனை ஹைட்ராக்ஸிலோடு, ஏ.டி.பி.யின் சக்தி கொண்டு, இது சேர்க்கும். ஆயின் ஏ.டி.பி. உள்ளவிடத்து, தன் வாலைத் தானே கவ்வும் பாம்புபோல் ஆர்.என்.ஏ. வளையமாகி விடுதலும் உண்டு. ஆதலால், அடாப்டரின் 5' முனையில் ஏ.எம்.பி.யை முன்கூட்டியே ஏற்றிவைத்து, ஏ.டி.பி. சேர்க்காமலே, குறுக்கப்பட்ட டி4 ஆர்.என்.ஏ. லிகேஸ் 2-ஐக் கொண்டு 3' முனையைப் பிணைக்கும் உபாயம் கண்டனர். மெச்சத்தக்க உபாயமே.

எனினும் லிகேஸ் சமதர்சி அன்று. முனையிலுள்ள எழுத்துக்களுக்கும், அடாப்டரோடு கூடி இழை மடங்கும் விதத்திற்கும் ஏற்ப, சிலவற்றை விரைந்து பிணைக்கும். சிலவற்றை ஏறெடுத்தும் பாராது. அளவறிந்து கலந்த செயற்கை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு செய்து 2011-இல் வெளியான ஆராய்ச்சிகள் இதனை ஐயமறக் காட்டின. தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் 3' முனையில் மீதைல் ஏற்றிருத்தலின் பிணைதற்கு மேலும் தயங்கும். வளையப் பாஸ்பேட்டில் முடியும் துண்டுகளோ, வேறோர் என்ஸைம் முனையைச் செப்பனிட்டாலன்றி, வழக்கமான முறையிற் பட்டியலேறுவது அரிது.

ஆகவே, ஒன்று பதினாயிரம் முறையும் மற்றொன்று நூறு முறையும் படிக்கப்பட்டன என்பதுகொண்டு, முன்னதே உயிரணுவில் மிகுதி என முடிவு கட்டுதல் தகாது. ஒரே விதமாய் ஆயத்தம் செய்த இரு மாதிரிகளில் ஒரே ஆர்.என்.ஏ.யை ஒப்பிடலாகாதோ எனின், ஒப்பிடலாம்; பட்சபாதம் இரண்டிலும் ஒன்றே அன்றோ? ஆனால் இரத்தத்திலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு நோயறிய முற்படுவோர், ஓர் ஆய்வகத்தார் கண்ட எண்ணை, வேறு லிகேஸும் வேறு அடாப்டரும் கையாண்ட மற்றோர் ஆய்வகத்தாரின் எண்ணோடு வைத்து நோக்குங்கால், நோயால் வந்த வேற்றுமை எது, பிணைப்பால் வந்தது எது? பிழைபடின் இழப்பவர் நோயாளியே.

அடாப்டரின் முனையெழுத்துக்களைப் பலவாறாகக் கலந்தமைத்தலும், பாலிஎதிலீன் கிளைக்கால் சேர்த்தலும் இக்குறையைத் தணிக்கும், முற்றும் ஒழிக்கமாட்டா. ஆதலின் எம் வேண்டுகோள் இது: ஆராய்ச்சி எழுதுவோர், இயந்திரத்தின் பெயரைக் குறிக்கும் அதே சிரத்தையோடு லிகேஸின் பெயரையும் அடாப்டரின் வரிசையையும் குறிப்பாராக. அளவறிந்த செயற்கைக் கலவையொன்றையும் உடன் ஆயத்தம் செய்து, தம் லிகேஸ் எதனைக் கூட்டியும் எதனைக் குறைத்தும் காட்டுகின்றதென அருகே அச்சிடுவாராக. கடையில் வாங்கிய பெட்டியிற் கண்ட முறைப்படி செய்தோம் என்னும் ஒற்றை வாக்கியம் எமக்குப் போதவில்லை.