தாத்தாவின் தூண்டில் ரீல்

தியானப் பகுதி: கலாத்தியர் 6:1



நாங்கள் அல்வாலில் குடியிருக்கிறோம். 1806-ஆம் ஆண்டில் செகந்திராபாத் என்று பெயர் பெற்ற படைநகரத்திற்கு, சென்னைப் படையோடு தமிழ்க் குடும்பங்கள் பல வந்து சேர்ந்தன. சிப்பாய்களாகவும், சமையற்காரராகவும், வண்ணாராகவும், தையற்காரராகவும் வந்தவர்களின் சந்ததியார் இன்றும் திருமுல்கிரி, பொல்லாரம், அல்வால் பகுதிகளில் வாழ்கிறார்கள். எங்கள் தாத்தாவும் பொல்லாரத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் வீட்டில் சமையற்காரராக இருந்தவர். 1947-இல் அந்த அதிகாரி தாயகம் திரும்பியபோது தாத்தாவின் கையில் கொடுத்துச் சென்றவற்றில் ஒன்று, பித்தளையால் செய்யப்பட்ட தூண்டில் ரீல்.

ரீல் என்பது தூண்டில் கோலின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் சிறிய உருளை. மீன் இழுத்தால் நூல் அதிலிருந்து ஓடும். கைப்பிடியைச் சுற்றினால் நூல் திரும்பி வரும். அக்காலத்து ஆங்கிலேயருக்குத் தூண்டில் போடுவதில் மிகுந்த பிரியம். சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த எச். எஸ். தாமஸ் என்ற அதிகாரி, இந்திய நீர்நிலைகளில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-இல் ஒரு நூலே வெளியிட்டார். இங்கிலாந்தின் அல்னிக் நகரில் 1872-இல் தொழில் தொடங்கிய ஹார்டி சகோதரர்களின் பழைய ரீல்களை இன்றும் சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் ரீலில் அப்படிப்பட்ட பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. ஆனாலும் தாத்தாவும், அவருக்குப் பின் அப்பாவும் அதைக் கொண்டு ஏரிக்கரையில் மீன் பிடித்து எங்களைப் போஷித்தார்கள்.

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பு இரும்புப் பெட்டியைத் திறந்தோம். ரீல் முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கைப்பிடி அசையவில்லை. எடைக்குப் போட்டால் பித்தளை விலையாவது கிடைக்கும் என்றார்கள் வீட்டார். எனக்கு மனம் வரவில்லை.

ஒரு குறட்டை எடுத்து, திருகாணியைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் திருகினேன். அது கழலவில்லை, அதன் தலைதான் சிதைந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

எங்கள் சபையில் தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் மூப்பர் ஒருவர் உண்டு. அவரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "தம்பி, இதை உடைத்தது காலம் அல்ல, உன் அவசரம். ஊற வை, காத்திரு" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தேன். ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். உள்ளே இறுகிப்போயிருந்த பழைய கிரீஸ் மெல்ல இளகியது. திருகாணியின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை மூப்பரே தந்தார்; தலை சிதைந்ததை அவர் கையாலேயே கழற்றினார். கழற்றிய பாகங்களை வெள்ளைத் துணியில் கழற்றிய வரிசைப்படியே வைத்தேன். அந்த வரிசை மாறினால் திரும்பச் சேர்ப்பது கடினம். களிம்பைப் பழைய பல்துலக்கும் பிரஷினாலும் மூங்கில் குச்சியினாலும் எடுத்தேன். "பாலீஷ் போட்டுப் பளபளப்பாக்காதே. இத்தனை ஆண்டுகள் கைபட்டு வந்த நிறம் போய்விடும். ஓடினால் போதும்" என்றார் மூப்பர். கடைசியில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி மாத்திரம் இட்டோம். அதிக எண்ணெய் தூசியைச் சேர்க்கும்.

உருளை சுழன்றது, ஆனால் நூல் தாறுமாறாய் ஓடாதபடி காக்கும் சிறு நாக்கு வேலை செய்யவில்லை. பற்சக்கரத்தின்மேல் அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் முறிந்திருந்தது. அந்த அளவில் ஸ்பிரிங் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

அதைச் செய்யத்தக்கவன் என் தம்பி ஒருவனே. அவன் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். ஆனால் ஆறு ஆண்டுகளாக அவன் ஆராதனைக்கும் வருவதில்லை, என் வீட்டுக்கும் வருவதில்லை. கடனும் குடியும் அவனைப் பிடித்திருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையார் பலர் முன்னிலையில் நான் அவனைக் கடிந்து பேசினேன். பேசியது உண்மைதான். ஆனால் அது குறட்டினால் பேசிய பேச்சு.

அன்று இரவு வேதத்தை வாசித்தபோது ஒரு காரியம் என் இருதயத்தைக் குத்தியது. யாக்கோபும் யோவானும் படவிலே வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்ததை மத்தேயு 4:21-இல் காண்கிறோம். அங்கே மூலபாஷையாகிய கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல் "கட்டார்ட்டிசோ." குற்றத்தில் அகப்பட்ட சகோதரனைச் சீர்பொருந்தச் செய்யும்படி கலாத்தியர் 6:1-இல் பவுல் எழுதும்போதும் அதே சொல்லையே எழுதுகிறார். விலகிய எலும்பைப் பொருத்துவதற்கும் கிரேக்க வைத்தியர்கள் இதே சொற்குடும்பத்தை வழங்கினார்கள். எலும்பைப் பொருத்துகிறவர் குறட்டை எடுப்பாரா? ஆகவேதான் சாந்தமுள்ள ஆவியோடு அதைச் செய்ய வேண்டும் என்று பவுல் கட்டளையிடுகிறார். தன்னையும் குறித்து எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறார். நான் அந்த வசனத்தின் முதற்பாதியை மாத்திரம் நம்பியிருந்தேன்.

மறுநாள் ரீலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தம்பியின் பட்டறைக்குப் போனேன். அவனிடம் சபையைப் பற்றிப் பேசவில்லை. "அன்று நான் பேசிய விதம் தவறு, என்னை மன்னித்துவிடு" என்று மாத்திரம் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. ரீலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். "அப்பாவின் கை பட்டது அண்ணா" என்றான். பின்பு உடைந்த கடிகாரம் ஒன்றின் ஸ்பிரிங்கில் ஒரு துண்டை வெட்டி, அராவி, வளைத்துப் பொருத்தினான். கைப்பிடியைச் சுற்றியதும் டிக், டிக், டிக் என்று ஒலி எழும்பியது. சிறுவயதில் ஏரிக்கரையில் நாங்கள் இருவரும் கேட்ட அதே ஒலி. இருவரும் அழுதோம்.

தம்பி இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் சனிக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வருகிறான். குடும்ப ஜெபத்தின்போது எழுந்து போகாமல் வாசலருகே உட்காருகிறான். ஊறட்டும், நான் காத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, பிழைப்புக்காகப் பட்டணத்திற்கு வந்த நம்முடைய குடும்பங்களில் பேச்சு நின்றுபோன உறவுகள் எத்தனை! அவர்கள் பளபளப்பாகத் திரும்பி வந்தால்தான் சேர்ப்போம் என்கிறோமா? எடைக்குப் போட்டுவிட்டோமா? இந்த மாதம் அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப் போங்கள். குறட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கடினமான வார்த்தைகளால் காயப்பட்டவர்களை நினைத்தருளும். அவர்களிடம் போகும்படி எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். காத்திருக்கப் பொறுமையைத் தாரும். எங்களையும் அவர்களையும் நீரே சீர்ப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.