முப்பது வருடம், மூன்று படம்

சினிமா நூறாவது வயதைத் தொட்டபோது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நாட்டுக்கு ஒருவரை அழைத்து, தங்கள் சினிமாவின் கதையைப் படமாக்கச் சொன்னது. அமெரிக்காவுக்கு மார்ட்டின் ஸ்கார்செஸி, பிரான்சுக்கு கோதார், ஜப்பானுக்கு ஓஷிமா, இந்தியாவுக்கு மிருணாள் சென். நியூசிலாந்துக்கு மட்டும் ஒரு நடிகர்: சாம் நீல். 'ஜுராசிக் பார்க்'கில் டைனோசர்களிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்றும் விஞ்ஞானி.

ஸ்கார்செஸி மூன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஜூடி ரைமருடன் சேர்ந்து 1995இல் நீல் எடுத்த 'சினிமா ஆஃப் அனீஸ்' ஒரு மணி நேரம்கூட ஓடாது. காரணம் எளிது. 1940க்கும் 1970க்கும் இடையே நியூசிலாந்தில் தயாரான கதைப் படங்கள் மொத்தமே மூன்று. மூன்றிலும் ஜான் ஓ'ஷே என்ற ஒரே மனிதரின் கை இருந்தது.

வடக்கு அயர்லாந்தில் பிறந்த நீல், 1954இல் ஏழு வயதுச் சிறுவனாக அங்கே வந்தவர். தியேட்டரில் அவர் பார்த்ததெல்லாம் ஹாலிவுட்டும் இங்கிலாந்தும்தான். சொந்த நாடு திரையில் வந்தால் அது அரசு எடுத்த செய்திப்படமாக இருக்கும்: பனிமலை, புல்வெளி, ஆடுகள்.

1977இல் ரோஜர் டொனால்ட்சனின் 'ஸ்லீப்பிங் டாக்ஸ்' வந்தது. ராணுவ அடக்குமுறையில் சிக்கும் ஒரு சாதாரண மனிதனின் கதை, நாயகன் நீல்தான். மறு வருடமே அரசு ஃபிலிம் கமிஷன் அமைத்தது. படங்கள் பெருகின. அவற்றில் நீல் காண்பது அழகை அல்ல, அச்சத்தை. வெறிச்சோடிய சாலைகள், மனப்பிறழ்வு, வன்முறை. பீட்டர் ஜாக்சனின் 'ஹெவன்லி க்ரீச்சர்ஸ்' (1994) சொல்லும் நிஜக் கொலை நடந்ததும் நீல் வந்திறங்கிய அதே 1954இல்தான்.

வாதம் வலுவானது. ஆனால் அது குடியேறிய வெள்ளையரின் அச்சம். மாவோரி ஒருவர் இயக்கிய முதல் கதைப் படமான பாரி பார்க்லேயின் 'ங்காட்டி'யில் (1987) மூடப்படவிருக்கும் இறைச்சித் தொழிற்சாலையைக் காப்பாற்ற ஒரு கடலோர ஊரே ஒன்றுசேர்கிறது. அங்கே நிலம் யாரையும் மிரட்டுவதில்லை. அது அவர்களுடையது.

2001இல் ஜாக்சனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வெளியான பிறகு, அந்த மலைகளைப் பார்க்க உலகமே கிளம்பியது. தேடிப் போனது நியூசிலாந்தை அல்ல, ஓர் ஆங்கிலேய எழுத்தாளரின் கற்பனை தேசத்தை.