சங்கத்துல போட்ட காசுக்கு யாருவே பொறுப்பு?

போன வாரம் பாஞ்சாலங்குறிச்சி டீக்கடையில ஒரு பெரியவர், "பேங்க் முழுகினா அஞ்சு லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டுவே" அப்படின்னார். எந்த பேங்குல போட்டிருக்கீங்க அண்ணாச்சின்னு கேட்டேன். ஊர் கூட்டுறவு சங்கத்துலயாம். உளுந்து வித்த காசு. எனக்குப் பக்குன்னு ஆச்சு.

மக்கா, டெபாசிட் காப்பீடு வங்கிகளுக்குத்தான். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கு உண்டு. அதுக்குக் கீழ இருக்குற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. சட்டப்படி அது வங்கியே இல்லையாம். டெபாசிட் மட்டும் வாங்கலாமாம்! என்ன நியாயமோ.

இவங்க எப்பவுமே வீடு எரிஞ்சப்புறம் கிணறு வெட்டுற ஆளுங்க. 1960-ல் கேரளாவுல பாலாய் சென்ட்ரல் வங்கி முழுகிச்சு, 1962-ல் காப்பீடு வந்துச்சு, வெறும் 1,500 ரூபாய்க்கு. 1993-ல் ஒரு லட்சம். அப்புறம் 27 வருஷம் நல்ல தூக்கம். 2019-ல் மும்பை பிஎம்சி வங்கியில சனங்க காசு மாட்டிக்கிட்டு தெருவுல நின்ன பிறகுதான், 2020-ல் அஞ்சு லட்சம்.

சங்கத்தையும் காப்பீட்டுல சேருங்க. முடியாதா? அப்போ ரசீதுல "இந்தப் பணத்துக்குக் காப்பீடு இல்லை"ன்னு கொட்டை எழுத்துல அச்சடிங்க. அண்ணாச்சி படிச்சுட்டு அவரே முடிவு பண்ணிக்குவார்.