ஒன்பதாவது பதவியேற்பும் பீகார் மக்களின் நிலுவைக் கணக்கும்

2024 ஜனவரி 28 அன்று காலையில் பீகார் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய நிதிஷ் குமார், அன்று மாலையே பாஜக ஆதரவுடன் அதே பதவியை ஒன்பதாவது முறையாக ஏற்றார். 2013, 2017, 2022, 2024 என இது அவரது நான்காவது அணி மாற்றம். 2023 ஜூன் 23 அன்று பாட்னாவில் எதிர்க்கட்சிகளின் முதல் கூட்டத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே.

முதலாளித்துவ ஊடகங்கள் இதைத் தனிமனிதரின் பதவி ஆசையாக மட்டுமே சித்தரித்துக் கேலி செய்கின்றன. பதவி ஆசை இல்லை என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் அத்துடன் நின்றுவிட்டால், பீகாரின் உழைக்கும் மக்கள் இழந்தது என்ன என்ற கேள்வி மறைந்துவிடும்.

1974 மாணவர் இயக்கத்தில் அரசியலுக்கு வந்த நிதிஷ், 1985இல் ஹர்னாட் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார். 1994இல் ஜார்ஜ் பெர்னாண்டஸுடன் சமதா கட்சியைத் தொடங்கினார். ஈராண்டுகளில் அக்கட்சி பாஜகவுடன் கைகோத்தது. 2005 நவம்பரில் ஆட்சிக்கு வந்த அவருக்குப் பின்னால், மிகவும் பிற்படுத்தப்பட்ட மக்களும் பெண்களும் ஒருபுறமும், பாஜக வழியே வந்த உயர்சாதி நிலவுடைமையாளர்கள் மறுபுறமும் நின்றனர்.

உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு, மாணவிகளுக்கு மிதிவண்டி, சாலைகள் ஆகியவை அந்த ஆட்சியில் வந்தவை. அவற்றின் பயனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நிலத்தைத் தொடும் இடம் வந்ததும் ஆட்சி பின்வாங்கியது. மேற்கு வங்கத்தில் குத்தகை விவசாயிகளின் உரிமைப் பதிவில் முன்னணிப் பங்காற்றிய டி.பந்தோபாத்யாயா தலைமையில் 2006இல் நிலச்சீர்திருத்த ஆணையம் அமைக்கப்பட்டது. குத்தகை விவசாயிகளுக்குச் சட்டப் பாதுகாப்பும், நிலமற்றோருக்கு வீட்டுமனையும் பரிந்துரைத்த அதன் அறிக்கை 2008இல் அரசிடம் தரப்பட்டது. அது இன்றுவரை அலமாரியில் உறங்குகிறது. 1997 டிசம்பரில் லட்சுமண்பூர் பாத்தேயில் 58 தலித் மக்கள் படுகொலை செய்யப்பட்ட பின், ரண்வீர் சேனையின் அரசியல் தொடர்புகளை விசாரிக்க அமைக்கப்பட்ட அமீர் தாஸ் ஆணையத்தை 2006இல் கலைத்ததும் இதே ஆட்சிதான். வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டமும் அதே ஆண்டில் ரத்தானது.

கூட்டணிகள் மாறின, நிலவுடைமை அதிகாரம் மட்டும் அசையவில்லை. அணி மாற்றங்களை இவ்வளவு எளிதாக்கிய அடித்தளம் இதுவே. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் தனி உறுப்பினரைத் தண்டிக்கிறது. கட்சி முழுவதையும் அழைத்துக்கொண்டு எதிரணிக்குச் செல்லும் தலைவரை அது தொடுவதில்லை. வாக்களித்த மக்களுக்கோ கேட்கும் உரிமைகூட இல்லை.

இடதுசாரிகள் உள்ளிட்ட கட்சிகளின் ஆதரவுடன் நடந்த ஆட்சியில்தான் சாதிவாரிக் கணக்கெடுப்பு வெளிவந்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 சதவீதம் என்றும், மாதம் 6,000 ரூபாய்க்குள் வாழும் குடும்பங்கள் 34.13 சதவீதம் என்றும் அது காட்டியது. இடஒதுக்கீடு 65 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 94 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 2 லட்சம் ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது. இந்த இடஒதுக்கீட்டுச் சட்டங்களை அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கும்படி பீகார் அமைச்சரவை ஒன்றிய அரசைக் கேட்டிருந்தது.

இனி பாட்னாவிலும் டெல்லியிலும் ஒரே கூட்டணியின் ஆட்சி. எனவே சாக்குப்போக்குக்கு இடமில்லை. கர்ப்பூரி தாக்கூருக்கு 2024 ஜனவரி 23 அன்று பாரத ரத்னா அறிவித்த மோடி அரசு, அவர் போராடிய இடஒதுக்கீட்டுக்கு ஒன்பதாவது அட்டவணையின் பாதுகாப்பை உடனே வழங்கட்டும். பீகார் அரசு 94 லட்சம் குடும்பங்களுக்கான உதவியை வழங்கட்டும்; பந்தோபாத்யாயா ஆணையப் பரிந்துரைகளைச் சட்டமாக்கட்டும்.

இக்கோரிக்கைகளைக் கிராமம் கிராமமாகக் கொண்டு செல்வதே பீகார் இடதுசாரி, ஜனநாயக சக்திகளின் உடனடிக் கடமை. 2020 தேர்தலில் இடதுசாரிகள் வென்ற 16 இடங்களும் நிலம், கூலி, மரியாதைக்கான நெடிய போராட்டங்களின் விளைச்சல். தலைவர்கள் அணி மாறலாம். நிலமற்றவரும் குத்தகை விவசாயியும் மாறிச் செல்ல வேறு அணி இல்லை. அவர்களைத் திரட்டி நிற்கும் கூட்டணியே பாஜகவை வீழ்த்தும் வலிமை பெறும்.